காட்டுக்காரர் பக்கம்

கடவுளுக்கு அடுத்தபடியாக உலகம் படைத்தவர் என் தாய்மாமாதான். கடவுளுக்கு மேனேஜர் கிடையாது, இவருக்கு உண்டு.

ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகக் காட்டுக்காரர்களையும், கப்பலில் வந்து அவர்கள் நிலத்தில் குடியேறுபவர்களையும் உருவாக்கினார். காட்டுக்காரர்களின் வீடுகளை மட்டும், அணைக்குள் மூழ்கிப்போன தன் ஊரை நினைத்து வரைந்தார்.

"காட்டுக்காரங்க பக்கம் யாருமே ஆடுறதில்ல. தூக்கிடலாம்," என்றார் மேனேஜர்.

மாமா அன்று சாப்பிடவில்லை. "நான் தினமும் அந்தப் பக்கம்தான் ஆடுறேன் மாமா," என்று தேற்றினேன்.

நேற்று அவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. திரையில் என் கப்பல்காரர்கள் அந்த வீடுகளைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கி அவர்களிடம்தானே இருக்கிறது.

"கிணத்தோரம் ஒண்ணு மிச்சம் இருக்கு மாப்ள, அதையும் முடிச்சிடு," என்றார் மாமா. "உங்கம்மா பொறந்த வீடு அது."