எங்கள் சபையின் கால்பந்து அணி

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்புகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வியாதியாய் இருப்பவர்கள், அடுத்து பரீட்சை எழுதுகிறவர்கள், பிறகு வேலை தேடுகிறவர்கள், பிரயாணம் செய்கிறவர்கள், கடைசியில் மழை. நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் இந்த வரிசையில் பிரான்ஸ் நாட்டின் இரண்டாம் டிவிஷன் கால்பந்து அணி ஒன்றும் சேர்ந்துகொண்டது. அதை எங்கே வைப்பது என்று பாஸ்டருக்கே தெரியவில்லை. ஆரம்பத்தில் பிரயாணக்காரர்களோடு வைத்துப் பார்த்தார். தோற்றுக்கொண்டே போனதும் வியாதியஸ்தர்களோடு சேர்த்துவிட்டார்.

காரணம் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. திருப்பதியில் ஐ.டி.ஐ. முடித்து, வேலை கிடைக்காமல் பாண்டிச்சேரிக்குப் போனவர், பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் தயவில் பிரான்ஸுக்கே போய்விட்டார். அப்போது எங்கள் சித்தூரிலிருந்து பெங்களூருக்குப் போனவர்கள் இருந்தார்கள், குவைத்துக்குப் போனவர்கள் நிறையவே இருந்தார்கள். பிரான்ஸுக்குப் போனவர் எங்களுக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். அங்கே ஓட்டலில் பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, கடைசியில் ஒரு சிறிய ஊரின் கால்பந்து கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார்.

"எந்தம்பி பிரான்ஸ்ல ஃபுட்பால் டீம்ல கீறான்" என்று அம்மா சபையில் சொல்லிவைத்தாள். பொய் இல்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் அவர் கோல் போடுவதாக நினைத்துக்கொண்டார்கள். அம்மா திருத்தப் போகவில்லை. மாமாவின் வேலை மைதானத்தில் புல் வளர்ப்பது. விதைப்பார், தண்ணீர் பாய்ச்சுவார், வெட்டுவார், பனிக்காலத்தில் மேலே பெரிய படுதா போட்டு மூடுவார். ஆட்டக்காரர்கள் வந்து மிதித்துக் கிழித்துவிட்டுப் போனதும் மறுபடியும் குனிந்து ஒவ்வொரு குழியாக அடைப்பார்.

என் அப்பாவுக்கு, நாங்கள் கூப்பிடுகிறபடி நைனாவுக்கு, இது பெரிய வேடிக்கை. அவர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மெக்கானிக். கிறிஸ்மஸுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவர். "உங்கப்பா அடுத்தவன் நிலத்துல புல்லு புடுங்கினாரு. உந்தம்பி அடுத்தவன் நிலத்துல புல்லு நட்டுகினு கீறான். முன்னேத்தம்தான்" என்பார்.

"ஆடு மாடு வாய் வெக்காத புல்லு அது. உனக்கு இன்னா தெரியும்?" என்பாள் அம்மா.

எங்கள் தெருவில் போன் பாஸ்டர் வீட்டில்தான் இருந்தது. அவர்களுடைய ஆட்டம் வெள்ளிக்கிழமை ராத்திரி. சனிக்கிழமை மத்தியானம் மாமா பாஸ்டர் வீட்டுக்குப் போன் செய்வார். அம்மாவும் நானும் சாப்பிட்ட கை காயாமல் போய் உட்கார்ந்திருப்போம். போனை முதலில் எடுப்பது பாஸ்டர் என்பதால், முடிவும் முதலில் அவருக்குத்தான் தெரியும். ரிசீவரை அம்மாவிடம் நீட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தே நான் கண்டுபிடித்துவிடுவேன்.

மாமா சொல்வதைக் கேட்டு வந்து, எங்கள் சமையலறைக் கதவின் உள்பக்கத்தில் சாக்பீஸால் அட்டவணை போடுவது என் வேலை. இருபது அணிகள். பெயர்களை வாயில் நுழைகிற மாதிரி எழுதிக்கொண்டேன். எங்கள் அணிக்கு மட்டும் 'நம்ம டீம்' என்று பெயர். ஜெயித்தால் மூன்று பாயிண்ட், தோற்றால் ஒன்றுமில்லை என்பது அம்மாவுக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. டிராதான் புரியவில்லை.

"யாரும் ஜெயிக்கலன்னா அப்புறம் எதுக்கு ஒரு பாயிண்டு?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணொண்ணு குடுப்பாங்கம்மா."

"ஆறுதல் பரிசா? சரி, போட்டுக்கோ. வந்தத வுடக்கூடாது."

தீபாவளி வரைக்கும் நம்ம டீம் நடுவில் இருந்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது. கிறிஸ்மஸ் முடிந்து வந்த முதல் போனில் மாமா அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். நான் ரிசீவரின் மறுபக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"கடைசி மூணு டீமு மூணாவது டிவிஷனுக்குப் போயிடும்க்கா. போயிட்டா கிளப்புல ஆளக் கொறப்பாங்க. கடைசியா சேந்தவன மொதல்ல அனுப்புவாங்க. வேல இல்லன்னா இங்க தங்கறதுக்குக் கார்டும் குடுக்க மாட்டான். வூட்டுக்கு வந்துட வேண்டியதுதான்."

பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அம்மா அப்படியே பாஸ்டர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குவைத்திலிருந்து பாதியில் திரும்பி வந்த ஒருவரை ஊர் எப்படிப் பேசியது என்று அவள் பார்த்திருந்தாள். கல்யாணத்துக்குப் போனாலும் "எப்போ திரும்பப் போற?" என்று கேட்டே அவரைச் சாகடித்தார்கள். தன் தம்பியை அந்த நிலையில் வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. அந்த ஞாயிறே, பாஸ்டர் கேட்காமலே எழுந்து நின்று அழுதுகொண்டே விண்ணப்பம் வைத்தாள். இப்படித்தான் எங்கள் சபை, பார்க்காத ஒரு மைதானத்துக்காக, பெயர் தெரியாத பதினோரு பேருக்காக ஜெபிக்க ஆரம்பித்தது.

மாசி பங்குனி மாதங்களில் பெரியவர்களே தெருவில் என்னை நிறுத்தி, "இன்னா பாப்பா, நம்ம டீமு எங்க கீது?" என்று கேட்டார்கள். சனிக்கிழமை பாஸ்டர் வீட்டு வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஒரு ஞாயிறு, பாஸ்டர் "எங்கள் அணிக்கு ஜெயத்தைத் தாரும்" என்று தொடங்கியபோது, முன்வரிசையில் இருந்த நர்ஸம்மா கையைத் தூக்கினார். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜெபத்தின் நடுவில் கைதூக்கும் தைரியம் சபையில் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

"பாஸ்டர், ஒரு சந்தேகம். நாம ஜெயிச்சா இன்னொருத்தன் தோக்கணுமில்ல? அந்த டீமுலயும் ஒருத்தன் புல்லு வெட்டிகினுதான இருப்பான்? அவனுக்கும் ஒரு அக்கா இருப்பா இல்ல?"

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரத்திலிருந்து அவர் ஜெபம் மாறியது: "யாரையும் தள்ளிவிடாமல், எங்கள் சகோதரன் வேலையைக் காத்தருளும்." அட்டவணை தெரிந்த எனக்கு இது நடக்க முடியாத காரியம் என்று பட்டது. மூன்று பேர் கீழே போயே ஆகவேண்டும். ஆனாலும் ஆமென் சொன்னேன்.

கடைசி ஆட்டம் மே மாதக் கடைசியில் வந்தது. ஜெயித்தால் தப்பலாம், இல்லாவிட்டால் இல்லை. அந்த வாரம் பார்த்து, ரோடு தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டதால் பாஸ்டர் வீட்டுப் போன் செத்துக் கிடந்தது. சனிக்கிழமை காலையில் அம்மா அடுப்பையே பற்றவைக்கவில்லை. மாங்காய் சீசன் என்பதால் ஃபேக்டரியில் இயந்திரங்கள் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன; உடைந்துபோன ஏதோ ஒரு பாகம் வாங்க நைனா திருப்பதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "துப்பட்டாவ எடுத்துகினு வா" என்றார்.

துப்பட்டா என்று அவர் சொன்னது மாமா அனுப்பியிருந்த கம்பளிச் சால்வையை. கிளப்பின் பெயர் பெரிய எழுத்துகளில் பின்னப்பட்ட, கழுத்தில் சுற்றிக்கொள்கிற சால்வை. அம்மா அதை மார்கழியில் தலையில் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவாள். மே மாத வெயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான் திருப்பதி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மாடியில் ஒரு நெட் சென்டர். இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வு ரிசல்ட் வந்திருந்த நேரம். படிக்கட்டு முழுக்கப் பையன்களும் அவர்களுடைய அப்பாக்களும். எங்கள் முறை வந்ததும் நெட் சென்டர்காரர் திரும்பிப் பார்க்காமலே தெலுங்கில் கேட்டார்: "ஹால் டிக்கெட் நம்பர் செப்பண்டி."

நைனா என் கையிலிருந்த சால்வையை வாங்கி அவர் முன்னால் மேஜையில் விரித்தார்.

"இதி ஏமிட்டி?" என்றார் அவர், இது என்ன என்று.

"ஃபுட்பால்" என்றார் நைனா. "ரெண்டாவது டிவிஷன். பாசா ஃபெயிலான்னு பாக்கணும்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த மனிதர் நல்லவர். சால்வையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எல்லாம் பிரெஞ்சு. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அட்டவணை எந்த மொழியில் இருந்தாலும் அட்டவணைதான். இருபது வரிகள் வந்தன. கீழே மூன்று வரிகளுக்குமேல் சிவப்பாக ஒரு கோடு. கீழிருந்து மேலாகத்தான் படித்தேன். கோட்டுக்குக் கீழே நம்ம டீம் இல்லை. கோட்டுக்கு மேலே முதல் வரியில் இருந்தது.

"நைனா, பாஸ்!" என்று கத்தினேன்.

மச்சானைக் கிண்டல் செய்வதற்கே பிறந்த நைனா, சால்வையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்றார். பிறகு கிளம்பும்போது நெட் சென்டர்காரர் கையைப் பிடித்து இரண்டு முறை குலுக்கினார். இயந்திரப் பாகம் ஞாபகம் வந்து கடைக்கு ஓடியது அதற்கப்புறம்தான்.

மறுநாள் சபையில் ஸ்தோத்திரப் பலி என்கிற நன்றி ஆராதனை. அம்மா ஒரு சேவலைக் காணிக்கையாகக் கொண்டுவந்தாள். ஆராதனை முடிந்து வாசலில் அதை ஏலம் விட்டார்கள். அது ஆசீர்வாதமான சேவல் என்று பேர் ஆகிவிட்டதால் போட்டி பலமாக இருந்தது. கடைசியில் எடுத்தவர் நர்ஸம்மா. "கீழ போனானே, அந்தப் புல்லு வெட்றவனுக்காகவும் ஒரு வார்த்த சொல்லிக்கோங்க" என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டு, சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை லைன் சரியாகி, மாமாவின் போன் வந்தது. அன்று மட்டும் அம்மா என்னை முதலில் பேசவிட்டாள்.

"மாமா! நம்ம டீமு தப்பிச்சிச்சு! சபையே ஜெபம் பண்ணிச்சு மாமா!"

லைன் மறுபடியும் போய்விட்டதோ என்று ரிசீவரைத் தட்டினேன்.

"சபையேவா?" என்றார் மாமா.

"ஆமா. ஜனவரியில இருந்து. பாஸ்டரு, நர்ஸம்மா, எல்லாரும். சேவ கூட ஏலம் வுட்டோம்."

மாமா சிரித்தார். "நல்லா இருக்கணும் எல்லாரும். அம்மாகிட்ட குடுடா பாப்பா."

நான் வழக்கம்போல் காதை ஒட்டிக்கொண்டேன். அம்மா ஆண்டவருக்கு நன்றி சொன்னாள், சேவலின் கதையை மறுபடியும் சொன்னாள். மாமா எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினார். பிறகு கேட்டார்:

"அக்கா, வெதுருகுப்பத்தாண்ட ஏரிக்குக் கீழ ஒரு துண்டு நெலம் வெலைக்கு வந்துதுன்னியே. இன்னும் கீதா?"

"அது போன மாசமே கை மாறிப்போச்சுடா. உனக்கு எதுக்கு அது? உனக்குத்தான் அங்க வேல நெலச்சிட்ச்சே."

"சும்மாதான் கேட்டேன்" என்றார் மாமா. "வெக்கிறேங்க்கா. நாளைக்குப் பழைய புல்லெல்லாம் தோண்டி எடுத்துட்டுப் புதுசா வெதைக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முனிசிபல் குழாய் தாண்டியதும் பாட்டு நின்றது. "அந்த நெலத்த எதுக்குக் கேட்டான் அவன்?" என்றாள்.

"சும்மாதான்னு சொன்னாரேம்மா."

"வூட்டுக்கு வந்துட வேண்டியதுதான்னு அன்னிக்குச் சொன்னப்ப, அவன் கொரலு வருத்தமாவா இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

ஆகஸ்டில் புது சீசன் தொடங்கியது. கதவைத் துடைத்துப் புது அட்டவணை போட்டு வைத்தேன். ஞாயிறு ஜெபக்குறிப்புகள் கேட்கும்போது பாஸ்டர் அம்மாவைப் பார்த்துப் புன்னகையோடு, "நம்ம டீமையும் சேத்துக்கலாமா?" என்றார்.

"வேணாம் பாஸ்டர்" என்றாள் அம்மா. "அவங்க பாட்டுக்கு ஆடட்டும்."

காரியம் முடிந்ததும் டீமைக் கைவிட்டுவிட்டாளே என்று எனக்குப் பயங்கரக் கோபம். அம்மா இப்படிப்பட்டவளா என்று இருந்தது. நான் விடவில்லை. அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படுக்கப் போகுமுன் போர்வைக்குள் முட்டி போட்டு, நம்ம டீம் கீழே போகவே கூடாது என்று தனியாக ஜெபித்தேன். மாமாவுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவருக்காக, அவ்வளவு பிரியத்தோடு.