வாள்வீரனின் முழங்கால்

ஜிப்ரிக்கு வாய்தான் மூலதனம். நாலந்தாவுக்குப் போகும் பெருந்தெருவோரம் உள்ள ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் அவர் வழிகாட்டி. வேனிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரர்களை ஏலக்காய்ச் செடிக்கு முன்னால் நிறுத்திக் கதையை ஆரம்பித்தாரென்றால், வெயில் சுடுகிறது என்றுகூட யாருக்கும் தோன்றாது. மூட்டு வலித்தால் ஓர் எண்ணெய், முடி கொட்டினால் ஓர் எண்ணெய், முடியே வேண்டாமென்றால் அதற்கும் ஒரு களிம்பு. கேட்பவர்கள் தலையாட்டிக்கொண்டே போத்தலைக் கையில் எடுப்பார்கள். அவரைச் சரியான புளுகர் என்று சொல்பவர்கள் அவருடைய ஊரான உக்குவளையில் இல்லாமல் இல்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பார்த்ததில்லை, பாவம்.

அந்த மேசையில் நடப்பது ஒரு கதை விளையாட்டு. ஜிப்ரி கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். வெட்டினால் விழுமா, குதித்தால் தாண்டலாமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கல்லாகிப்போன அரசன், பேசுகிற கரடி எல்லாம் ஜிப்ரியின் மண்டைக்குள்ளிருந்து வரும். மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் றம்ஸி அதில் வாள்வீரன். இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் சர்மிளா டீச்சர், மந்திரத்தால் காயம் ஆற்றும் வைத்தியச்சி. ஜிப்ரியின் மனைவி ஹமீமா திருடி. கணவர் ஒளித்து வைத்த புதையலையெல்லாம் அடித்துக்கொண்டு போவதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். நாற்பது வயது கடந்தவர்களுக்கு இதென்ன கூத்து என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஆரம்பத்தில் அந்தக் கதைக்குள் வைத்தியம் மிகச் சுலபம். கை அறுந்து தொங்கினாலும் சர்மிளா பகடையை உருட்டுவார். நல்ல எண் விழுந்தால் கை ஒட்டிக்கொள்ளும், வீரன் உடனே வாளைத் தூக்குவான். அதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை, றம்ஸி ஏணியிலிருந்து விழும் வரைக்கும்.

மிளகு பறிக்க ஏறியவன், ஏணி சறுக்கி, முழங்கால் நொறுங்க விழுந்தான். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துப் பொருத்தினார்கள். கிளினிக்குக்கு வந்து காலை மடக்கிப் பழக வேண்டும், விட்டால் முழங்கால் அப்படியே இறுகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஓரிரு தடவை போனான். உயிர் போகிற வலி. அதோடு கிளினிக்கை மறந்தான். ஊன்றுகோலோடு அவன் வந்த ஒரே இடம் ஜிப்ரியின் மேசைதான்.

அன்று கதையில் ஒரு பாறை உருண்டு வாள்வீரனின் காலை நசுக்கியது. ஜிப்ரி யோசிக்காமல் சொல்லிவிட்டார். சர்மிளாவும் யோசிக்காமல் பகடையை உருட்டினார்.

“சரியாயிருச்சு! எழும்புங்க றம்ஸி நானா, ஓடுவோம்!”

றம்ஸி மேசையைப் பார்த்தபடியே இருந்தான்.

“அவன் எழும்பட்டும் டீச்சர். அவனுக்கு ஒரு உருட்டுல சரி. எனக்கு ஏலா,” என்றான். “நான் இனி வரல்ல, ஜிப்ரி நானா.”

ஊன்றுகோல் சத்தம் வாசல் கேற்றைத் தாண்டிப் போனது. அடுத்த நாள் றம்ஸியின் மனைவி நிஷ்மியா ஜிப்ரிக்குப் போன் எடுத்தாள். அவளுக்கும் அவர் அண்ணன் முறை, ‘நானா’தான்.

“நானா, அவரு கட்டில விட்டு எறங்குறாரில்ல. கிளினிக் எண்டாலே ஏசுறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு.”

என்ன சொல்வது? தன் கதைதான் அவனைக் கட்டிலில் தள்ளியது என்ற நினைப்பு அவரைச் சாப்பிட விடவில்லை.

அந்தக் கிழமை தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் முழங்காலில் எண்ணெயைத் தேய்த்துவிட்டு, நாளைக்குச் சிகிரியாக் குன்றில் ஏறலாமா என்று கேட்டாள். ‘தாராளமா’ என்பதுதான் அவருடைய வழக்கமான பதில். அன்றைக்கு நாக்கு புரளவில்லை. “வலி கொஞ்சம் குறையும். ஏற வேண்டியது உங்கள் கால்,” என்று அவளுடைய பாஷையில் சொன்னார். அவள் போத்தலை வைத்துவிட்டுப் போய்விட்டாள். முதலாளி முறைத்தார். ஜிப்ரி அதைக் கவனிக்கவேயில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது கதைக்குப் புது விதி கட்டிக்கொண்டு வந்தார், மூன்று தடவை தனக்குத் தானே தலையாட்டினார், பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இறங்கியதும் நேரே றம்ஸியின் கட்டிலடிக்குப் போனார்.

“புது வைத்தியம் தம்பி. இனி எங்கட கதையில மந்திரம் ரத்தத்த நிப்பாட்டும், காய்ச்சல எறக்கும். அவ்வளவுதான். எழும்புறது காயப்பட்டவன்ட வேல.”

“பகடை?”

“பகடையில்ல. அவன் எழும்புறேன் எண்டு வாயால சொல்லணும். எப்பிடி வலிக்குது எண்டு எங்களுக்கும் சொல்லணும்.”

றம்ஸி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இன்னொண்டு இருக்கு. காயப்பட்டவன் கெடக்குற வைத்தியச்சிட குகைய விட்டுப் போறப்ப ‘போயிட்டு வாறேன்’ எண்டு சொல்லப்படாது. சொன்னா காயம் திரும்ப வந்துரும்.”

ஆஸ்பத்திரியிலிருந்து சுகமாகி வீட்டுக்குப் போகிறவர் அந்தச் சொல்லைச் சொன்னால் திரும்பவும் அங்கே வர நேரும் என்று எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு ஒரு பயம். மற்ற இடங்களில் அதைச் சொல்லாமல் வெறுமனே ‘போறேன்’ என்றால் ஏச்சு விழும். பிறந்ததிலிருந்து பழகிய சொல், கேட்டுக்கொண்டா வாயிலிருந்து வருகிறது?

“ஹமீமா ராத்தா மாட்டுவாங்க,” என்றான் றம்ஸி, சுவரைப் பார்த்தபடியே.

“அவங்கதான் மொதல்ல.”

கிளினிக் என்ற சொல்லை ஜிப்ரி எடுக்கவேயில்லை. வாயை நம்பிப் பிழைக்கிறவர், நிஷ்மியா வாசலில் நின்று கண்ணால் கெஞ்சியும், வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தார். அதற்காகவே அவருக்கு ஒரு மாலை போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை றம்ஸி வந்தான். “அவன் குகையில கெடக்கிறானே, பாக்க வந்தேன்,” என்றான். சர்மிளா மந்திரம் சொல்லி இரத்தத்தை நிறுத்தினார். ஜிப்ரி முன்னுக்குச் சாய்ந்து, “எழும்புறியா?” என்று கேட்டார்.

றம்ஸி கண்ணை மூடிக்கொண்டான். “எழும்புறேன். முழங்காலுக்குள்ள கொச்சிக்கா அரச்சு வச்ச மாதிரி எரியுது. தொடையெல்லாம் நடுங்குது. திரும்ப விழுந்துருவேனோ எண்டு பயம். நிஷ்மியா பாக்குறாளே எண்டு வெக்கம்.”

வாள்வீரனுக்கு மனைவி கிடையாது. அதை ஒருவரும் திருத்தவில்லை. ஹமீமா ஊற்றி வைத்த பிளேன்டீ ஆறிப்போனது. அடி அடியாகச் சொல்லிச் சொல்லி அவன் வீரனைக் குகை வாசலுக்குக் கொண்டுவந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். றம்ஸி முகமெல்லாம் சிரிப்பாக, நெஞ்சில் கை வைத்துச் சர்மிளாவைப் பார்த்தான்.

“பெரிய உதவி டீச்சர். அப்ப நான் போயிட்டு வாறேன்.”

கைதட்டல் நின்றது. ஹமீமா வாயைப் பொத்திக்கொண்டார்.

“வாய் தவறித்தானே வந்துச்சு. விட்டுருங்க நானா,” என்றார் சர்மிளா.

விட்டுவிடத்தான் ஜிப்ரியும் துடித்தார். விதி அவர் போட்டது, அவர் நினைத்தால் எடுக்கலாம். கதையில் வீரன் இன்னொரு தடவை விழுந்தால் றம்ஸி மறுபடியும் கட்டிலுக்குப் போய்விடுவான். அவர் வாயெடுக்கும் முன் றம்ஸி கையை உயர்த்தினான்.

“விடவேணாம். அவன் விழுந்துட்டான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினான். “மொத தரம் எவ்வளவு வலிக்கும் எண்டு தெரியாம எழும்பினான். இப்ப தெரியும். பயமாத்தான் இருக்கு. எழும்புறேன்.”

ஜிப்ரி தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிக் குசினிக்குள் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கிளினிக்குக்குக் கூட வரச் சொல்லிக் கேட்டது றம்ஸிதான். ஜிப்ரி தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்துக்கொண்டு போனார். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே காலை மடக்கினாள். றம்ஸி கத்தினான். கைக்கு அகப்பட்டதைப் பிடித்தான். அகப்பட்டது ஜிப்ரியின் முன்கை. நகங்கள் சதைக்குள் இறங்கின. அரசனும் கரடியும் அத்தனை எண்ணெய்களும் குடியிருந்த அந்த வாயில் ஆறுதலாக ஒரு சொல் வரவில்லை. ஜிப்ரி மற்றக் கையையும் கொடுத்தார்.

“நானா, வலிக்குதா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான் றம்ஸி.

“வலிக்குது தம்பி,” என்றார் ஜிப்ரி. “நீ மடக்கு.”