நீலத்தாள் ஒட்டிய கப்பல் பெட்டி

காசு போட்டு ஆடும் அந்த வீடியோ கேம் பெட்டி பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்கு வந்தபோதே கிழடு. மெட்ராசில் எங்கோ ஓடி ஓய்ந்து, யாரும் காசு போடாமல் கிடந்ததை, சைக்கிள் கடை பாய் லாரியில் ஏற்றிவந்து கடையின் பக்கத்து அறையில் நிறுத்தினார். எண்பதுகளின் கடைசி அது. திரையில் கலர் கிடையாது. கண்ணாடிமேல் நீலத்தாள் ஒட்டியிருந்தது, அதுதான் கடல். மேலே ஒரு கப்பல், கீழே இருட்டில் போய்வரும் நீர்மூழ்கிகள். கப்பலிலிருந்து வெடிமருந்துப் பீப்பாய் தள்ளி அவற்றை உடைக்க வேண்டும். அவை கீழிருந்து குண்டுகளை மிதக்கவிடும். ஒன்று அடியில் பட்டாலும் கப்பல் போய்விடும். மொத்தம் மூன்று கப்பல். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது.

நான் புதுப் பெட்டிகளில் ஆடிப் பழகியவன். மெட்ராசில் ஒரு தியேட்டர் பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவிய நாட்களில், வாங்கியதில் பாதியை அடுத்த கடைப் பெட்டிகளில் போட்டிருக்கிறேன். அவற்றில் கலர் இருந்தது, பாட்டு இருந்தது. செத்தால் இன்னொரு காசு போட்டு, செத்த இடத்திலிருந்தே தொடரலாம். அந்தத் தெம்பில் பாய் கடைக்குள் போய், பொத்தானைப் படபடவென்று தட்டினேன். ஒரு தடவைக்கு நாலு பீப்பாய்தான் தண்ணீருக்குள் இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நாலும் வீணாக இறங்கிக்கொண்டிருக்க, கையில் ஒன்றும் இல்லாமல் நின்றேன். குண்டுகள் மெதுவாக மேலே வந்தன.

"இன்னாபா மெட்ராசு," என்றார் பின்னால் நின்ற கண்ணாடிக்காரர். எங்கள் குப்பத்தில் அப்போது கண்ணாடி போட்டவர் அவர் ஒருவர்தான். "பீடி பத்த வெக்கறதுக்குள்ள மூணு கப்பலையும் முழுவடிச்சிட்டியே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழேயிருந்து மெதுவாக ஏறி வரும் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் பெட்டியை விட்டுப் பின்னால் நகர்ந்திருந்தேன். அதற்குக் காரணம் உண்டு.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்று நைனாவோடு ஏரிக்கு மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தேன். பதினைந்து வயதில், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் எங்கள் படகு கவிழ்ந்தது. என் கால் வலையில் சிக்கி, அடியிலேயே கிடந்தேன். மேலே வெளிச்சம் தெரிந்தது, போக முடியவில்லை. நைனா வலையை அறுத்து இழுத்துப் போட்டார். அதற்கடுத்த மாதம் நான் ஊரைவிட்டு ஓடினேன். நெல்லூரில் செங்கல் சூளை, கூடூரில் லாரி கழுவுதல், பிறகு மெட்ராஸ். நைனா செத்ததற்குக்கூட மூன்றாம் நாள்தான் வந்தேன். தண்ணீர் பக்கம் போகவில்லை.

இந்தத் தடவை அக்கா ஆள் அனுப்பி வரவழைத்திருந்தாள். மாமாவின் பாதத்தில் திருக்கை மீன் முள் ஏறி, கால் பூசணிபோல வீங்கியிருந்தது. அவருடைய பாடு வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கம் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கும். அதுதான் பாடு. ஒருவர் பாட்டில் இன்னொருவர் கை வைக்கமாட்டார். ஆனால் அன்றைக்கு ஏரித் தண்ணீர் கடலுக்கு வற்றத் தொடங்குமுன் ஆள் இறங்காவிட்டால் அந்த நாள் போனதுதான், திரும்பி வராது. இந்த முறை மாமாவுக்கு விழுந்திருந்தது முகத்துவாரம். இறால் நன்றாக விழும் இடம். அவருக்குப் பதிலாக நான் இறங்கலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்காவிட்டால் அந்தக் காலோடு அவரே இறங்குவார் என்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

வெள்ளிக்கு ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாளும் பாய் கடையில் கிடந்தேன். வீட்டில் இருந்தால் அந்தக் கால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

பெட்டியின் தகரத்தில் சில நேரம் கரெண்டு அடிக்கும். ஈரக் காலோடு வருகிறவர்களுக்காக, பாய் உடைந்த படகுப் பலகை ஒன்றைக் கீழே போட்டிருந்தார். அது ஒரு பக்கம் ஆடும். எல்லோரும் படகில் நிற்பதுபோலக் காலை அகட்டி நின்று ஆடினார்கள். முறைக்குச் சண்டை வந்தபோது, எங்கள் ஆட்கள் தெரிந்த வழியைச் செய்தார்கள். தினமும் பத்து மணிக்குத் தீப்பெட்டி அட்டையைக் கிழித்துச் சீட்டுக் குலுக்கினார்கள். இவர் முதல், இவர் இரண்டாவது. முறைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தால் பெட்டி சும்மா நிற்கும். பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அரே, ஒருத்தன் ஆடுங்கப்பா," என்பார் பாய். "கரெண்டு சும்மா போவுது."

"அது அவன் பாடு பாய். நாங்க எப்பிடித் தொடறது?"

"பேஜாரு புடிச்சவனுங்க," என்று அவர் பஞ்சர் ஒட்டப் போய்விடுவார்.

நான் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கிழட்டுப் பெட்டியைப் புரிந்துகொண்டேன். அது எதையும் சொல்லித் தராது. சாவதைத் தவிர கற்க வேறு வழி இல்லை. நீர்மூழ்கி இருக்கும் இடத்தில் பீப்பாய் போட்டால் படாது. பீப்பாய் இறங்கி முடிக்கும்போது அது எங்கே வந்திருக்கும் என்று பார்த்துப் போட வேண்டும். போட்ட பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மெட்ராசில் பழகிய கைக்கு அதுதான் வரவில்லை. வியாழக்கிழமைக்குள் வந்துவிட்டது. பயம் மட்டும் குறையவில்லை. குண்டு ஏறும்போது பெட்டி டொக், டொக் என்று ஒரு சத்தம் போடும். அது எனக்குத் தூக்கத்திலும் கேட்டது.

வியாழக்கிழமை பையோடுதான் கடைக்கு வந்தேன். நாலு மணிக்குப் பொன்னேரி பஸ். அங்கிருந்து ரயில் பிடித்தால் இருட்டுமுன் மெட்ராஸ். காலையில் பழக்கத்தில் என் சீட்டையும் போட்டிருந்தேன். என் முறை வந்தபோது மணி மூன்றரை தாண்டியிருந்தது. சீக்கிரம் தோற்றுவிட்டுப் போகலாம் என்று பலகைமேல் ஏறினேன்.

இரண்டு கப்பல் சீக்கிரமே போயின. அன்றைக்கென்று மூன்றாவது சாகவில்லை. ஒவ்வொரு பீப்பாயும் பட்டது. பஸ் ஹாரன் கேட்டது. விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். யாரும் அடிக்கப்போவதில்லை. ஆனால் சீட்டு விழுந்த முறையைப் பாதியில் போட்டுவிட்டுப் போன ஒருவனை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. என் கால் நகரவில்லை. இரண்டாவது ஹாரனும் கேட்டது. பிறகு பஸ் போகும் சத்தம்.

அக்கா எப்போது வந்தாள் என்று தெரியாது. கண்ணாடிக்காரர் பேசியபோதுதான் திரும்பினேன்.

"இரும்மா. அவன் பாடு நடக்குது, முடியட்டும்."

அக்கா வாசலில் நின்று திரையைப் பார்த்தாள். பிறகு என் காலடியில் இருந்த பையைப் பார்த்தாள்.

"பஸ்ஸை வுட்டுட்டியா?"

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இங்க வுழுந்த பாட்டை வுடமாட்ட. நாளைக்கு அங்க வுழுந்ததை வுட்டுட்டு ஓடறதுக்குப் பையைத் தூக்கினு வந்துட்ட." குரலை உயர்த்தவே இல்லை. "இவ்ளோ பேர் உன் மொறைக்கு ஒக்காந்துனு கீறாங்க பாரு. அங்க ரெண்டு பேரு வலையை வெச்சினு ஒக்காந்திருப்பாங்க. நீ வராட்டி அந்தக் காலைத் தூக்கினு அவரு போவாரு. உப்புத் தண்ணியில எறங்கினா காலு மிஞ்சாதுனு டாக்டரு சொல்ட்டாரு."

என் கப்பலுக்குக் கீழே குண்டு ஏறிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தபடியே நின்றேன். பட்டது. அது மூன்றாவது கப்பல்.

வெள்ளி காலையில் இறங்கினேன். பயத்தை வென்றேன் என்று எழுதினால் பொய். கூட வந்த இருவரும் என் பல் தந்தியடிப்பதைப் பார்த்து, குளிர் என்று எடுத்துக்கொண்டார்கள், அல்லது அப்படி நடித்தார்கள். வலையின் ஒரு முனைக் கழியைச் சேற்றில் ஊன்றிப் பிடித்து நிற்பது என் வேலை. தண்ணீர் மார்பளவு. வற்றத் தொடங்கியதும் ஏரி முழுவதும் என் முதுகில் சாய்ந்து கடலுக்குப் போவதுபோல இருந்தது. வலையின் கண்ணி காலில் உரசியது. கழியை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடவேண்டும் என்று உடம்பு முழுவதும் சொன்னது. டொக், டொக் என்று காதுக்குள் கேட்டது. போடவேண்டியதைப் போட்டாகிவிட்டது, இனிக் காத்திருப்பதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவில்லை. ஆனாலும் கழியை விடவில்லை.

வலையைச் சுற்றியெடுத்துத் தண்ணீரைவிட்டு மேலே வந்தபோது கை விரல்கள் பிரியவில்லை. கூடை கொண்டுவந்த கண்ணாடிக்காரர்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். இரண்டு கூடை இறால் கரைக்குப் போனது.

மாமா கரை மணலில் உட்கார்ந்திருந்தார். துணி சுற்றிய காலை நீட்டி, கோலை மடியில் வைத்து. எப்படி அவ்வளவு தூரம் வந்தார் என்று கேட்கவில்லை. இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். நான் வராவிட்டால் இறங்கத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"நின்னுட்டியே," என்றார். பிறகு, "அடுத்த பாட்டுக்குள்ளயும் இது ஆறாது போல கீது," என்று காலைக் காட்டினார்.

பை இன்னும் பிரிக்கப்படாமல் அக்கா வீட்டு மூலையில் இருந்தது. நாலு மணி பஸ் தினமும் உண்டு.

ஈரத் துணியோடு நேராகப் பாய் கடைக்குப் போனேன். பத்து மணிக்குச் சீட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குலுக்காமல் கடைசி முறையையே கொடுக்கச் சொன்னேன், நாலு மணி பஸ் போகும்போது நான் பலகைமேல் நிற்கிறமாதிரி.