எண்ணிக்கை தருவோம், பேர் தர மாட்டோம்

பஞ்ச் ஆபரேட்டர் வேலை என்பது, ஊரில் உள்ளவர்களின் வயது, சம்பளம், கடன் எல்லாவற்றையும் அட்டையில் ஓட்டையாகப் போட்டுவிட்டு, எதுவும் தெரியாதவள் மாதிரி ரயிலேறி வீட்டுக்குப் போகிற வேலை. அறுபதுகளில் பம்பாயில், ஃபோர்ட் பக்கம் ஒரு பெரிய ஆபீஸில் நான் அதைச் செய்தேன். ஆபீஸின் பேரைக் கேட்காதீர்கள். சொல்லிப் பழக்கமில்லை.

பல சர்க்கார் ஆபீஸ்களின் சிப்பந்திகளைப் பற்றிய தாள்கள் எங்களிடம் வரும். பார்த்துப் பார்த்து மெஷினில் தட்டுவோம். ஆளுக்கு ஓர் அட்டை. பிறந்த வருஷத்துக்கு ஓர் இடம், தாய்மொழிக்கு ஓர் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓட்டை விழும். அந்த ஓட்டைகளைப் பார்த்து ஒரு மெஷின் அட்டைகளை ரகம் பிரிக்கும். இன்னொன்று தாளில் அச்சடிக்கும். நாள் முழுக்க டக்டக்கென்று சத்தம். ஞாயிற்றுக்கிழமைகூட காதுக்குள் தட்டிக்கொண்டிருக்கும். மெஷின் முன்னால் உட்கார்ந்து முதுகு போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நம் இனம். மற்றவர்களும் கொஞ்சம் நம் கஷ்டத்தைக் கேளுங்கள்.

படிப்பும் வேலையும்

எங்கள் வீடு தாராவியில். அய்யா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் சந்திலிருந்து ஆபீஸுக்குப் போன முதல் பெண் நான்தான். கஞ்சி போட்ட காட்டன் புடவையும் கைப்பையுமாக நான் சயான் ஸ்டேஷனுக்கு நடந்தால், குழாயடியில் பேச்சு நின்றுவிடும். ராஜகனிக்கு என்ன வேலை என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அம்மாவுக்கு அதைச் சொல்லத் தெரியாது.

"அட்டையில ஓட்டை போடுதா" என்று ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டாள். அந்த அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மிகுந்த வருத்தத்தோடு அம்மாவிடம் கேட்டாள்: "எஸ்.எஸ்.சி. வரைக்கும் படிக்க வச்சது ஓட்டை போடவா மதினி? அதை எங்க வீட்டு எலி சும்மாவே போடுதே!"

மாப்பிள்ளையின் வயது

எங்கள் பிரிவுக்குத் தலைவர் சேஷாத்ரி சார். மாட்டுங்காக்காரர், சாது. அவர் குடியிருந்த கட்டிடத்திலிருந்து ஒரு மாமா, ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸ் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு பெட்டி மைசூர்பாகு. பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறதாம். பையன் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். அவனுடைய அட்டையைப் பார்த்து நிஜமான வயதையும் சம்பளப் பிடித்தத்தையும் மட்டும் சொன்னால் போதும் என்றார். சேஷாத்ரி சாரிடம் கேட்டாராம். அவர் காது கேட்காதவர் மாதிரி நகர்ந்துவிட்டாராம்.

எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பெண்ணைப் பெற்றவர், கண் கலங்கி நிற்கிறார். ஆனால் இன்றைக்கு இவருக்குச் சொன்னால், நாளைக்கு அந்தப் பையனுக்குக் கடன் கொடுத்தவன் வருவான், மறுநாள் அவனுக்கு ஆகாதவன் வருவான். எல்லோருக்கும் ஒரு நியாயம் இருக்கும். "முடியாது மாமா. பையன் வயசைப் பையன்கிட்டயே கேளுங்க" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கெஞ்சினார்: "கேக்காம இருப்பேனா குழந்தே? அவன் ஒண்ணு சொல்றான், அவன் அம்மா ஒண்ணு சொல்றா. உன் மெஷின்தாம்மா பொய் சொல்லாது!"

மெஷின் சொன்ன பொய்

அவர் மட்டும் அடுத்த மாதம் வந்திருந்தால் மெஷினின் லட்சணத்தைப் பார்த்திருப்பார். விக்ரோலியிலிருந்து ஓர் ஆள் வந்து நின்றார். வாட்டசாட்டமான உடம்பு, தலையில் ஒரு நரை கிடையாது. வயதாகிவிட்டதால் வேலையிலிருந்து ஓய்வு பெறும்படி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. எங்கோ தயாரான அட்டையில் ஒரு ஓட்டை இடம் மாறி விழுந்து, முப்பத்தெட்டில் பிறந்த மனிதரை எட்டில் பிறந்தவராக்கிவிட்டது. ஒரே நொடியில் முப்பது வயது கூடிவிட்டது.

திருத்துவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? நிர்வாகப் பிரிவு அதிகாரி அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்து, "ரெக்கார்டு இப்படித்தானே சொல்கிறது" என்றார். எதிரில் நிற்கிற ஆளைவிட அட்டையைத்தான் அவர் நம்பினார். எனக்குக் கோபம் வந்தது. புது அட்டை அடித்துக்கொண்டு போய், கையெழுத்துப் போடுகிற வரை அவர் மேஜை முன்னால் நகராமல் நின்றேன். விக்ரோலிக்காரர் பக்கத்தில் நின்று இந்தியில் புலம்பிக்கொண்டே இருந்தார்: "சாஹேப், எங்க அம்மாவுக்கே இன்னும் அந்த வயசு ஆகலை!"

டெல்லியிலிருந்து வந்தவர்கள்

அந்த வருஷங்களில் பார்லிமென்டில் கம்ப்யூட்டரைப் பற்றிப் பெரிய சண்டை. கொண்டுவந்தால் வேலை போகும் என்று ஒரு கட்சி, கொண்டுவராவிட்டால் நாடே பின்தங்கும் என்று ஒரு கட்சி. சாப்பாட்டு இடைவேளையில் ஷாலினி பேப்பரை உரக்கப் படிப்பாள். ஷாலினி பரேலைச் சேர்ந்த மராத்திப் பெண். அச்சடிக்கிற மெஷின் அவள் பொறுப்பு. அவளுடைய டப்பாவிலிருந்து நானும், என் டப்பாவிலிருந்து அவளும் சாப்பிடுவது வழக்கம். சண்டை முற்றியதும், மெஷின்களை நேரில் பார்ப்பதற்கென்று சில எம்.பி.க்கள் எங்கள் ஆபீஸுக்கே வந்தார்கள். சேஷாத்ரி சார் கழுத்து டையை நாலு தரம் அவிழ்த்துக் கட்டினார்.

கதர் ஜிப்பா போட்ட ஒருவர் என் மெஷின் பக்கம் வந்து, "கம்ப்யூட்டர் வந்தால் உங்கள் வேலை போகுமா?" என்று இந்தியில் கேட்டார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில் பதில் சொன்னேன். "வேலை போறது இருக்கட்டும் ஐயா. இந்த அறையில ஆயிரமாயிரம் பேரோட சமாசாரம் இருக்கு. இதை யார் பாக்கலாம், யார் பாக்கக் கூடாதுன்னு சட்டம் ஏதாவது இருக்கா? இல்லைன்னா அதையும் பேசுங்களேன்." பின்னால் நின்ற சேஷாத்ரி சாருக்கு வியர்த்துவிட்டது. எம்.பி. ஓர் அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுக்கு எதுக்கம்மா சட்டம்? உள்ளே வெறும் ஓட்டைதானே இருக்கு!"

தமிழ் அட்டைகள்

அப்புறம் ஊரில் காற்று மாறியது. மதராசிகள்தான் ஆபீஸ் வேலையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்று மேடைக்கு மேடை பேச்சு. சுவரெல்லாம் எழுத்து. ரயிலில் தமிழில் பேசினால் திரும்பிப் பார்த்தார்கள். அய்யா தன் வேட்டியை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு பேன்ட் போட ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில் பார்லிமென்டில் யாரோ ஒரு கேள்வி கேட்டார்கள்: பம்பாய் ஆபீஸ்களில் எந்தத் தாய்மொழிக்காரர்கள் எத்தனை பேர்? பதில் தயாரிக்கும்படி எங்களுக்கு உத்தரவு வந்தது. ரகம் பிரித்தோம். ஒரு தட்டில் மராத்தி, ஒன்றில் குஜராத்தி, ஒன்றில் தமிழ் என்று அட்டைகள் போய் விழுந்தன. அதில் என் அட்டையும் உண்டு, சேஷாத்ரி சாருடையதும் உண்டு. எண்ணிக்கை எடுத்தாயிற்று. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அட்டையை நம்பிய அதே அதிகாரி கீழே வந்தார். தமிழ்த் தட்டில் இருப்பவர்களின் பேரையும் வீட்டு விலாசத்தையும் அச்சடித்துத் தரச் சொன்னார். டெல்லி கேட்டதா என்றேன். இல்லை, "வேண்டப்பட்ட ஒருவர்" கேட்கிறார் என்றார். வீட்டு விலாசம் எதற்கென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சேஷாத்ரி சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்து அந்த அட்டைகளின் முன்னால் போய் நின்றுகொண்டேன். "டெல்லி எத்தனை பேர்னு கேட்டது, குடுத்துட்டோம். யார் யாருன்னு கேக்கலை. பேர் வேணும்னா எழுத்துல ஆர்டர் குடுங்க சார், உங்க கையெழுத்தோட."

அவர் முகம் சிவந்தது. என்னை விட்டுவிட்டு ஷாலினி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, மராத்தியில், "நீ நம்ம பொண்ணு. நீ அச்சடி" என்றார். ஷாலினி மெஷினின் பின்பக்கம் போனாள். ஒயர்கள் மாட்டிய பலகையைக் கழற்றினாள். அது இல்லாமல் மெஷின் ஓர் எழுத்துகூட அடிக்காது. அதை நாற்காலியில் வைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, அதன் மேலேயே உட்கார்ந்தாள். அறை முழுக்கத் தட்டுகிற சத்தம் நின்றுபோயிற்று. ஒவ்வொரு பெண்ணாகக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஷாலினி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நான் மராத்திதான் சாஹேப். அதனாலதான் இந்தக் காரியத்தை என் கையால செய்ய மாட்டேன்!"

மன்னிப்புக் கடிதம்

எழுத்தில் ஆர்டர் வரவேயில்லை. எழுத்தில் வந்தது எனக்கும் ஷாலினிக்கும் மெமோதான். கீழ்ப்படியாமை என்று போட்டிருந்தது. என்ன சொன்னதற்குக் கீழ்ப்படியவில்லை என்று மட்டும் அதில் இல்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று சேஷாத்ரி சார் வந்து சொன்னார். தன் பேரும் அந்தத் தட்டில் இருந்ததை அவர் மறக்கவில்லை, அதனால் வற்புறுத்தவில்லை.

வீட்டில் அம்மா அழுதாள். மன்னிப்புதானே, எழுதினால் என்ன குறைந்துவிடும் என்றாள். தம்பிகளின் படிப்பைச் சொன்னாள். நானும் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன் என்பதை மறைப்பானேன். அய்யா பட்டறையிலிருந்து வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியபடி எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் கையைத் துடைத்துவிட்டு, என் முன்னாலிருந்த தாளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "அடுப்புல போடு. ஆர்டரை எழுதிக் குடுக்க அவன் பயப்படுதான். எம் மவ மன்னிப்பை எழுதிக் குடுக்கணுமோ?"

தண்டனை

ஷாலினிக்கு வருஷாந்தர இன்க்ரிமென்டை நிறுத்தினார்கள். அவள் யூனியனைக் கூட்டிக்கொண்டு போய், பாதியைச் சண்டை போட்டு வாங்கினாள். என்னை முலுண்ட் தாண்டி ஒரு கிட்டங்கிக்கு மாற்றினார்கள். பழைய அட்டைகளை அடுக்கிவைக்கிற இடம். மேலே தகரம், கீழே எலி. டெல்லியில் அந்தக் கேள்விக்கு மந்திரி எண்களை மட்டும் வாசித்தார். சபை அடுத்த கேள்விக்குப் போய்விட்டது என்று பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். பேர்கள் வெளியே போகவில்லை.

கிட்டங்கியில் நான் சேர்ந்த சில நாளில் ஃபோர்ட் ஆபீஸிலிருந்து பியூன் வந்தான். அந்த அதிகாரி அனுப்பியிருந்தார். தமிழ் அட்டைகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று விசாரித்துவரச் சொன்னாராம். எண்ணி முடித்ததும் அவற்றையும் இங்கேதான் அனுப்பியிருந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் இருந்தன, அறை பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில். பொறுப்பாளர் என்று என் பேரைத்தான் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பியூன் கதவைப் பார்த்தான், சாவியைப் பார்த்தான், மெல்லத் தலையைச் சொறிந்தான். நான் டீ வாங்கிக் கொடுத்து, இங்கே யாருக்கும் எதுவும் எடுத்துக் காட்டுவதாக இல்லை என்று சொல்லி அனுப்பினேன். போய்ச் சொல்லிவிட்டு, அதிகாரியின் பதிலையும் மறுநாள் கொண்டுவந்தான்: "சாஹேப் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்துட்டார் அக்கா. 'அவளை யார் அங்க மாத்தினது?'ன்னு கேட்டார். 'நீங்கதான் சாஹேப்'னேன்."

நம் சமாசாரத்தைக் காப்பாற்ற டெல்லியில் எப்போது சட்டம் போடுகிறார்களோ போடட்டும், அதுவரைக்கும் ஆபீஸுக்கு ஓர் ஆள் முடியாது என்று சொன்னால் போதும், அந்த ஆளுக்குப் பிரமோஷன் மட்டும் வராது.