ஆறடித் தொய்வு

கம்பத்தின் உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்து நின்றபடி லைன்மேன் குனிந்து கேட்டார்: "எவ்வளவுங்க தொய்வு விடணும்?" அறுபதுகளின் தொடக்கம். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்குக் குறுக்கே மின்கம்பி இழுத்துக்கொண்டிருந்தோம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வேலைக்குப் புதிய என்ஜினீயர் நான். "ஆறடி!" என்று கத்தினேன்.

அந்த ஆறடியில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இரண்டு முனையிலும் கட்டிய கம்பி தன் எடையால் தொங்கும்போது எடுக்கும் வளைவைச் சொல்லும் கணக்குக்கு அதிபரவளைவுக் கோசைன் என்று பெயர். பரீட்சை முடிந்தால் எந்தக் கழுதைக்கு உதவும் என்று கல்லூரியில் நாங்கள் கேலி செய்த பாடம் அது. அதை வைத்துத்தான் வெயிலில் கம்பி நீள்வதையும் பனியில் சுருங்குவதையும் கணக்குப் போட்டிருந்தேன். இப்போது தொய்வு விடாவிட்டால் மார்கழியில் அறுந்துபோகும்.

சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் வந்து அண்ணாந்து பார்த்தார். "என்னங்க இது, கொடிக்கயிறு மாதிரி தொங்குது? கரண்டு தொறந்து வைக்க மந்திரி வாராரு. ஊரு மானம் போயிருமுங்க. வெறைப்பா இழுத்துக் கட்டச் சொல்லுங்க." தொங்கும் கம்பி அரைகுறை வேலை என்பது ஊரின் எண்ணம். நான் வளைவு, சூடு என்று ஏதோ சொன்னேன். அவரோடு வந்த கூட்டம் சிரித்தது. எனக்கு ரோஷம் வருவதற்குப் பதில் பயம் வந்தது.

"மூணடி போதும், இழுங்க" என்றேன் லைன்மேனிடம்.

"ஆறுன்னு சொன்னீங்களேங்க?"

"நான் சொல்றேன்ல."

இழுத்தார். விழா முடிந்ததும் தளர்த்திவிடலாம் என்று நினைத்தேன். தளர்த்தினால் ஏன் என்று மேலிடம் கேட்கும். நாளை, நாளை என்று தள்ளினேன். ஐப்பசியிலிருந்து தூக்கம் போயிற்று. குளிரடித்த காலையெல்லாம் சைக்கிளில் போய்க் கம்பியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பினேன்.

மார்கழியில் ஒரு காலை கம்பம் சாய்வதாகச் சொன்னார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு லைன்மேன் ஏறினார். கம்பி இணைப்பில் அறுந்து சாட்டையாய் அவர் முகத்தில் அடித்தது. வலது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவர் என் குரல் கேட்டு எழப் பார்த்தார். "நாந்தான் கூட இழுத்துப்புட்டேனாங்க?" என்றார்.

விசாரணைத் தாளிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஒடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.