கண்டக்டருக்கு ஒரு பிடி கரையான்

பஸ் டிப்போவில் மற்றவர்களுக்குக் குடி இருந்தது, சீட்டாட்டம் இருந்தது, கிண்டியில் ஓடுகிற குதிரை இருந்தது. டயர் கழற்றி மாட்டுகிற பஞ்சாட்சரத்துக்குக் கௌதாரி. இதில் எது மோசம் என்று கேட்டால் அவர் பெண்சாதி தேவானை யோசிக்காமல் கௌதாரி என்றுதான் சொல்வாள். குடிகாரன் வீட்டில் யாரும் கரையான் வளர்ப்பதில்லையே.

ஆமாம், வளர்த்தார். உலகமே கரையானைக் கண்டால் மண்ணெண்ணெய் டின்னைத் தேடும்போது, இந்த மனிதர் அதற்குச் சாணியும் வைக்கோலும் போட்டு ஊட்டி வளர்த்தார். கம்பும் கேழ்வரகும் கௌதாரிக்கு வயிற்றுப்பாட்டுக்கு. உயிர் நிற்பது கரையானால்தான். அதிலும் குஞ்சுக்குத் தானியம் செரிக்காது. றெக்கை முளைத்து நிமிர்கிற வரைக்கும் தினமும் ஒரு பிடி கரையான் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் கால் துவண்டு, கண் சொருகி, போய்ச் சேர்ந்துவிடும். கௌதாரி வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

அடையாறு ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சந்தில் அவர்கள் குடியிருந்தார்கள். ஒரே வரிசையாக வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு குழாய். முற்றத்தின் கோடியில், மதிலோரம், என்றைக்கோ வெட்டிய பனைமரத்தின் அடிக்கட்டை மண்ணுக்குள் மக்கிக் கிடந்தது. அங்கேதான் பஞ்சாட்சரம் தன் சட்டியைக் கவிழ்ப்பார். வாய் உடைந்த மண்சட்டிக்குள் காய்ந்த சாணி, வைக்கோல், கிழிந்த கோணி. மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்துவிட்டால், காலையில் சட்டியைத் தூக்கும்போது அரிசி கொட்டினது போல் வெள்ளை வெளேர் என்று கரையான் நெளியும். தட்டில் உதறிக் கொண்டுவந்து கூண்டுக்குள் வைப்பார். பறவை கொத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு டீ குடித்தால்தான் அவருக்கு டீ இறங்கும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. மழை விட்டபோது, சட்டி கவிழ்த்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குப் புற்று எழும்பியிருந்தது. பஞ்சாட்சரத்துக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் சாணிக்கு அலைய வேண்டாம். பின்பக்கம் லேசாகப் பெயர்த்தால் போதும், கரையான் கொட்டும்; மறுநாளே அதுகளே அடைத்துக்கொள்ளும். சொந்தமாக ஒரு பால்மாடு கட்டியவன் மாதிரி நடந்தார்.

ஆனால் நல்லது ஒன்று வந்தால் அதைக் கெடுக்க நாலு வரும். எதிர்வீட்டுக் கோழிகள் புற்றைக் கிளறின. பிள்ளைகள் குச்சியால் குத்தின. சாராயம் குடித்துவிட்டு வருகிறவனுக்கு நிற்பதற்கு அந்த மூலைதான் தோதாக இருந்தது. இதெல்லாம் போதாதென்று வீட்டுக்காரர் தனபாலன் வந்தார். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர். புற்றைப் பார்த்ததும் அவருக்கு உத்தரமெல்லாம் உதிர்ந்து விழுவதுபோல் ஆகிவிட்டது.

"என்னவே இது? வீட்டுக்குப் பக்கத்துல கரையானையா வளக்கீரு? அடுத்த தடவ நான் வரும்போது இது இருக்கப்படாது. கடப்பாரையப் போட்டு இடிச்சுத் தள்ளும்."

பஞ்சாட்சரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தனபாலனின் ஸ்கூட்டர் போன பிறகும் சொறிந்துகொண்டே இருந்தார். அப்போதுதான் டிப்போவின் வெளிச்சுவர் ஞாபகம் வந்தது. வருகிறவன் போகிறவனெல்லாம் நனைத்துக்கொண்டிருந்த சுவர். ஒரு நாள் யாரோ அதில் சாமிப்படம் போட்ட ஓடு பதித்தார்கள். அன்றோடு சுவர் காய்ந்துவிட்டது.

தேவானை குளிக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய மஞ்சள் கிழங்கை எடுத்துக் கல்லில் உரசினார். புற்றின் நெற்றியில் ஒரு தீற்று. நடுவில் குங்குமம். உச்சியில் ஒரு செம்பருத்திப்பூ. இவ்வளவுதான் அவர் செய்தது.

மந்திரம் போட்டாற்போல் வேலை செய்தது. பிள்ளைகள் குச்சியைப் போட்டார்கள். குடிகாரன் வேறு மூலை பார்த்தான். கோழிக்காரி கோழியைக் கூடையில் கவிழ்த்தாள். அடுத்த மாதம் வந்த தனபாலன் தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லப்படாதா?" என்றார் பயந்த குரலில். பஞ்சாட்சரம் வீட்டுக்குள் வந்து துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

வைகாசியில், கூண்டு காலியாகிக் கிடந்தபோது, ஒரு புதுக் குஞ்சு வந்தது. ராயப்பேட்டை கரீமுல்லா பாய் கொடுத்தார்; கௌதாரி விஷயத்தில் அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. "ஒசந்த ஜாதி நைனா. கரையான் மட்டும் கொறைக்காதே, சிங்கமா நிக்கும்." பஞ்சு உருண்டைக்கு இரண்டு கால் வைத்தது போல் இருந்தது. அவர் முற்றத்தில் நடந்தால் பின்னாலேயே ஓடிவரும். நின்றால் முன்னால் வந்து பார்க்கும். மறுபடி பின்னால் ஓடும். "டிக்கெட் எட்த்தாச்சானு பாக்குதுயா" என்று தேவானையே சிரித்துவிட்டாள். அன்று முதல் அதற்குக் கண்டக்டர் என்று பேர்.

டிப்போவில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிற கை, கண்டக்டரைத் தூக்கும்போது மட்டும் வேறு யாருடைய கையோ போல் ஆகிவிடும். தேவானை அதை ஓரக்கண்ணால் பார்ப்பாள்.

முதலில் மாறியது முனியம்மாள். அடுத்த வீடு, தெருமுனையில் இட்லிக்கடை. வாயைத் திறந்தால் அக்கரைக்குக் கேட்கும். ரொம்ப நாளாக அவளுக்கு முழங்கால் வலி. போகிற போக்கில் புற்றுமண்ணைக் கொஞ்சம் குழைத்துத் தடவிக்கொண்டாள். வலி விட்டுவிட்டது. கடையை மூடிவிட்டு ஒரு வாரம் மகள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாளே, அதில் விட்டிருக்கலாம் என்று பஞ்சாட்சரம் சொன்னார். யார் கேட்டார்கள்? வெள்ளிக்கிழமை முனியம்மாள் புற்றின் உச்சியில் பால் ஊற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை நாலு பெண்கள். ஆடி பிறந்தபோது மேலே கீற்றுப் பந்தல், சுற்றிலும் கோலம், புற்றுக்கு மஞ்சள் சேலை. பக்கத்துத் தெருக்களிலிருந்து முட்டையும் பாலும் சர்க்கரைப் பொங்கலும் வந்து இறங்கின.

பின்பக்கம் பெயர்க்கலாம் என்று போனால், பின்பக்கமே இல்லை. எந்நேரமும் யாராவது சுற்றிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து போனால் முனியம்மாள் அதற்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பஞ்சாச்சரம், அம்மாவ பாக்க வந்தியா? குளிச்சிட்டு வா நைனா."

"அத்தோட புள்ளைங்கள பாக்க வந்தேன்க்கா" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்புவார். மூக்கு சிவந்திருக்கும். அவருக்குக் கோபம் வந்தால் மூக்கில்தான் முதலில் தெரியும்; அந்த ஆடி முழுக்க அது சிவந்தேதான் இருந்தது.

வேறு இடத்தில் சட்டி கவிழ்த்துப் பார்த்தார். ஆற்றங்கரையில் வைத்த சட்டியை யாரோ தூக்கிப்போனார்கள். டிப்போவின் பின்னால் வைத்ததில் எண்ணெய் ஊறிய மண், எறும்புகூட ஏறவில்லை. வெட்டுக்கிளி பிடித்து வந்தார். குஞ்சின் வாய்க்கு அது பெரிசு. முட்டையை அவித்துப் பொடித்து வைத்தார். கண்டக்டர் ஒருமுறை கொத்திவிட்டு, இது என்ன என்று கேட்பதுபோல் அவரைப் பார்த்தது. பின்னால் ஓடிவருவது நின்றது. நடக்கும்போது ஒரு கால் இழுத்தது.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம், டிப்போவிலிருந்து பாதி வேலையில் வந்துவிட்டார். பெண்கள் தூங்குகிற நேரம். டயர் நெம்புகிற கம்பியால் புற்றின் பின்பக்கத்தில் ஒரு குத்துக் குத்தினார். மண் பொதுக்கென்று உள்ளே போனது. புளித்த பால் நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே ஒரு கரையான் இல்லை. பொங்கலுக்கும் பாலுக்கும் வந்த சிவப்பெறும்பு அறை அறையாகக் குடியேறியிருந்தது. அவர் ஊட்டி வளர்த்த அத்தனையையும் அது தின்று தீர்த்திருந்தது. பஞ்சாட்சரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

"அடப்பாவி!" என்று பின்னால் முனியம்மாள் அலறினாள். "அம்மா மேல கம்பிய வுட்டுட்டியே!"

சந்தே கூடிவிட்டது. பஞ்சாட்சரம் எழுந்து நின்று கத்தினார். "எந்த அம்மா? இது கரையான்! என் கௌதாரிக்கு நான் வளர்த்த கரையான்! கோழி கிளறாம இருக்கணும்னு நான்தான் மஞ்ச தடவனேன், இந்தக் கையால தடவனேன்! நீங்க பால ஊத்தி, எறும்ப இட்டாந்து, எல்லாத்தையும் சாவடிச்சிட்டீங்க!"

முனியம்மாளின் முகம் மெல்ல மலர்ந்தது.

"நீயா தடவனே? ஊர்ல இத்தினி பேர் கீறாங்க, உன் கையால தடவ வெச்சா பாரு! மொதல்ல உன்கிட்டதான்பா வந்துகீறா!"

இதற்கு மேல் என்ன பேச? சுவரோடு மோதலாம், முட்டினால் சுவராவது கொஞ்சம் உதிரும். கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். மறுநாள் விடிந்ததும் குஞ்சை ராயப்பேட்டைக்குக் கொண்டுபோய் பாயிடமே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். கையை விட்டுப் போனாலும் உயிரோடு இருக்கட்டும்.

மறுநாள் ஆடி வெள்ளி. சட்டைப் பைக்குள் கண்டக்டரை வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிய அவரைப் பெண்கள் வழிமறித்தார்கள். முதல் மரியாதை அவருக்குத்தானாம். வேண்டாம் என்றார், விடுங்கள் என்றார், கும்பிட்டார். கழுத்தில் மாலை விழுந்தது. உடுக்கை வேகம் பிடித்தது. முனியம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. தலைவிரிகோலமாக ஆடிக்கொண்டு நேரே அவரிடம் வந்து நின்றாள்.

"மகனே! உனக்கு இன்னா கொறை? கேளுடா! தரேன்!"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். பஞ்சாட்சரத்தின் கை சட்டைப் பையின் மேல் இருந்தது. உள்ளே துடிப்பு விட்டுவிட்டு அடித்தது. அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை, மனசாரக் கேட்டார்.

"கரையான், தாயே. ஒரே ஒரு பிடி."

முனியம்மாள் குனிந்தாள். புற்றின் அடியிலிருந்து மண்ணைக் கை நிறைய அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். அவர் அங்கேயே மண்டியிட்டு, மண்ணைத் தரையில் பரப்பி, கண்டக்டரை எடுத்து அதன் மேல் விட்டார். குஞ்சு தள்ளாடி நின்றது. ஒருமுறை காலால் கிளறியது. குனிந்து பார்த்தது. மண்தான். தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. அப்புறம் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டது.

பெண்கள் குலவை இட்டார்கள். பறவைகூடக் கும்பிடுகிறது என்றாள் ஒருத்தி.

அதன் பிறகு ராயப்பேட்டைக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சாயங்காலம் குழாயடிக்குப் பக்கத்தில், புற்றுக்கு நேர் எதிர் மூலையில், பஞ்சாட்சரம் ஒரு சின்னக் குழி தோண்டினார். மூடிவிட்டு மேலே ஒரு செங்கல் வைத்தார். தேவானை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு போட்டாள், அவர் சாப்பிடவில்லை. "வுடுயா" என்றாள்.

விடிந்து பல் விளக்க வந்தவர் செங்கல்லைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அதன் மேல் மஞ்சள் பூசியிருந்தது. நடுவில் அழகாக ஒரு குங்குமப் பொட்டு.

அவர் மூக்கு சிவந்தது. "எவடி அவ!" என்று திரும்பினார்.

தேவானை குடத்தோடு நின்றாள். "நான்தான்யா" என்றாள் மெதுவாக. "நாய் நோண்டிடப் போவுதேனு... நீ தடவனாப்பல நானும் கொஞ்சம் தடவனேன்."

அவர் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அடுத்த வீட்டில் முனியம்மாள் தாழ்ப்பாளை நீக்குகிற சத்தம் கேட்டது.

"ஊத்துடி, சீக்கிரம் ஊத்து!" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டு பஞ்சாட்சரம் தோளிலிருந்த துண்டை உருவினார். தேவானை குடத்தைச் சாய்த்தாள். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து அந்தச் செங்கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள்.