கெண்டைக்கால் வலியை மறைத்து ஓடினேன்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஓட்டத்தில் வாங்கிய பதக்கங்களால் கிடைத்த அரசு வேலைதான் என்னைத் தில்லிக்குக் கொண்டுவந்தது. மோதி பாக் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் அலுவலக விளையாட்டு விழாவுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த சக ஊழியர் மீனா, "அக்கா, உங்களுக்கு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு. சீனியர் பிரிவுல போடட்டா? அங்க பாதிப் பேர் நடந்துதான் வருவாங்க!" என்று சிரித்தாள்.

"உன்னை முதுகுல தூக்கிக்கிட்டே ஜெயிப்பேன். பொதுப் பிரிவுலயே போடு" என்றேன்.

இரண்டு வாரமாக இருந்த கெண்டைக்கால் வலியை அவளிடம் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு நானூறு மீட்டர் ஓடினேன். கடைசி வளைவில் யாரோ பின்னாலிருந்து காலை உதைத்தது போலிருந்தது. விழுந்துவிட்டேன்.

"சுளுக்குதான்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, தனியாக ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போனேன். தசை பாதி கிழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் முழுதும் போயிருக்கும் என்றார் டாக்டர். அங்கிருந்த நாகர்கோவில் நர்ஸ், "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டார். "ஆட்டோவுல வந்தேன்" என்றேன்.

இப்போது வலிக்கிற நாளில் ஓடுவதில்லை. இந்த ஆண்டு சீனியர் பிரிவில் நானே பெயர் கொடுத்தேன். மருத்துவமனைக்குப் போகும்போது மீனாவிடம், "கூட வர்றியா?" என்று கேட்கிறேன். முதல் முறை கேட்டபோது, பந்தயம் ஓடி முடித்தவள் போல எனக்கு மூச்சு வாங்கியது.